சுமைதாங்கிக் கல்லருகே



புத்தாண்டு நம் அனைவருக்கும் ஒரே இரவில் பிறக்கிறது. நள்ளிரவில் கோயில் மணி ஒலிக்கிறது. திருப்பலி முடிந்ததும் ஒருவர் கையை ஒருவர் பற்றி வாழ்த்துகிறோம். மறுநாள் காலையில் புது நாட்காட்டி சுவரில் ஏறிவிடுகிறது. ஆனால் பத்தாண்டு அத்துணைத் தெளிவாகப் பிறப்பதில்லை. இப்போது நடைபெறும் பத்தாண்டு 2020இல் தொடங்கியது என்பர் ஒரு சாரார். கிறிஸ்து ஆண்டுக் கணக்கில் சுழியம் என்றோர் ஆண்டு இல்லையாதலால், 2021 சனவரி முதல் நாளே அதன் தொடக்கம் என்பர் மற்றொரு சாரார்.

அந்த வழக்கை அறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். 2020ஆம் ஆண்டின் முதல் நாளில் எத்தனை எத்தனை திட்டங்களோடு நாம் ஆலயத்தை விட்டு வெளியே வந்தோம் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். மூன்று மாதம் முடியுமுன், மார்ச்சு 24ஆம் நாள் இரவில் நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. 27ஆம் நாள் மாலை, மழை பெய்துகொண்டிருந்த புனித பேதுரு சதுக்கத்தில், மக்களே இல்லாத அந்தப் பெருவெளியை நோக்கி, மறைந்த திருத்தந்தை பிரான்சிசு நற்கருணை ஆசீர் அளித்ததைத் தொலைக்காட்சியில் கண்டோம். ஏப்ரல் 12ஆம் நாள் வந்த உயிர்ப்புப் பெருவிழாவை வீட்டுக்குள் இருந்தவாறே கொண்டாடினோம். பத்தாண்டுக்குத் திட்டமிட்டவரும் ஒன்றும் திட்டமிடாதவரும் அன்று ஒரே நிலையில்தான் இருந்தார்கள்.

ஆகவே, நான் இம்மாதம் பேச விரும்புவது நாட்காட்டியின் பத்தாண்டைப் பற்றியன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பிறக்கிற பத்தாண்டு ஒன்று உண்டு. முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது என்று வாழ்வின் வாயிற்படியில் அது வந்து நிற்கிறது. அதற்கு மணி ஒலிப்பதில்லை. பல வீடுகளில் அது வந்ததையே ஒருவரும் கவனிப்பதில்லை. அறுபதை மட்டும் நாம் கவனிக்கிறோம். பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள் உள்ள தமிழ் ஆண்டு வட்டத்தில், ஒருவர் பிறந்த ஆண்டின் பெயர் அறுபது நிறைந்ததும் மீண்டும் வருவதால், அவ்வயதை மணிவிழாவாகக் கொண்டாடுவது நம் நாட்டு வழக்கம். கிறிஸ்தவக் குடும்பங்களிலும் அந்நாளில் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம், மாலை அணிவிக்கிறோம், விருந்துண்கிறோம். மறுநாள் விடிகிறது. அதன்பின் எப்படி வாழ்வது என்பதை விழாவுக்கு வந்தவர் எவரும் சொல்லிவிட்டுப் போவதில்லை.

பழைய சாலைகளில் நடந்தவர்கள் சுமைதாங்கிக் கல்லைக் கண்டிருப்பார்கள். ஆளின் உயரத்திற்குச் சற்றுக் குறைவாக இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் மற்றொரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுவுவது நம் முன்னோரின் வழக்கம். தலைச்சுமையோடு தனியே வருகிறவன் தரையில் சுமையை இறக்கினால், மீண்டும் தூக்கிவிட ஓர் ஆளைத் தேட வேண்டும். அந்தக் கல்லின்மேல் அவன் தானாகவே இறக்கலாம், இளைப்பாறலாம், கட்டை அவிழ்த்துப் பார்த்து மாற்றிக் கட்டலாம், பிறகு தானாகவே ஏற்றிக்கொண்டு நடக்கலாம். ஒரு பத்தாண்டின் தொடக்கத்தை இத்தகைய கல்லாகவே நான் கருதுகிறேன்.

மாற்றம் என்றவுடன், புதிதாக ஒன்றைத் தலையில் ஏற்றுவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். நாளையிலிருந்து அதிகாலையில் எழுவேன், நடைப்பயிற்சி செய்வேன், புதுச் சீட்டு ஒன்று கட்டுவேன் என்று தீர்மானங்கள் பெருகுகின்றன. இவை நல்லவையே. ஆனால், "இதுகாறும் சுமந்துவந்த எதை இனி நான் இறக்க வேண்டும்? யாருடைய கையில் அதைக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்பவர் மிகச் சிலர். அந்தக் கேள்வி கேட்கப்படாத வீடுகளில்தான் பூசல் எழுவதை நான் காண்கிறேன்.

பழைய ஏற்பாட்டில் எண்ணிக்கை நூலின் எட்டாம் அதிகார இறுதியில் லேவியரைப் பற்றிய ஒரு சட்டம் இருக்கிறது. நாம் பெரும்பாலும் விரைந்து வாசித்துக் கடந்துவிடும் பகுதி அது. இருபத்தைந்து வயதில் லேவியர் சந்திப்புக் கூடாரத்தின் பணிக்கு வருவர். ஐம்பது வயதில் அப்பணியிலிருந்து விலகுவர். பாலைவனப் பயணத்தில் கூடாரத்தைப் பிரிப்பதும் சுமப்பதும் எளிய வேலையல்ல. லேவியருள் கோகாத்தின் மக்கள், திருப்பொருள்களை வண்டியில் ஏற்றாமல் தோளிலேயே சுமக்கக் கடமைப்பட்டவர்கள். ஐம்பது வயதில் அந்தச் சுமை தோளை விட்டு இறங்கிவிடும். ஆனால் சட்டம் அத்துடன் நின்றுவிடவில்லை. விலகியவர்கள் கூடாரத்தில் தம் சகோதரருக்குத் துணையாக இருக்கலாம் என்றும் அது கூறுகிறது. பாளையத்தை விட்டுப் போ என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பழைய சுமையையே தொடர்ந்து சுமந்துகொண்டிரு என்றும் சொல்லப்படவில்லை. சுமப்பவனுக்குப் பக்கத்தில் நில் என்பதே அவர்களுக்குக் கிடைத்த புதிய அழைப்பு.

இச்சட்டத்தை எனக்கு விளங்க வைத்தவர் ஓர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கைச் சேர்ந்தவர், பெயர் வேண்டியதில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் விபத்தின்றி வண்டி ஓட்டியவர். அவர் பணியிலிருந்த காலத்தில் வீட்டில் தங்கியது குறைவு. தங்கிய நேரத்திலும் தூங்கியதே அதிகம். நியாயவிலைக் கடை, பள்ளிக் கட்டணம், உறவினர் திருமணத்துக்குச் செய்யும் முறை, மாமியாரின் கடைசி நோய் எல்லாவற்றையும் அவருடைய மனைவியே பார்த்துக்கொண்டார். பணிமனையில் மாலை அணிவித்து வழியனுப்பினார்கள். அதன்பின் மூன்று மாதத்தில் வீட்டில் அரிசிப் பானை இடம் மாறியது. பால் கணக்கு எழுதப்பட்டது. மருமகள் அடுப்பை எத்தனை மணிக்குப் பற்றவைக்கிறாள், மகன் யாரோடு கைபேசியில் பேசுகிறான் என்பதெல்லாம் விசாரணைக்கு உள்ளாயின. மகன் வேறு வாடகை வீடு தேடத் தொடங்கினான்.

ஒரு நாள் காலைத் திருப்பலிக்குப் பின் அந்த அம்மையார் திருப்பொருள் அறையின் வாயிலில் வந்து நின்றார்.

"சாமி, ஐம்பது பேரை உட்கார வச்சு வண்டி ஓட்டின மனுசர். இப்ப வீட்டிலே நாங்க மூணு பேரும்தான் அவருக்குப் பயணிங்க. நிறுத்தத்திலே இறங்கக்கூட விடமாட்டேங்கிறார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், சொல்லி முடிப்பதற்குள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவ்வாண்டு எங்கள் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக்கு ஒரு வண்டி அமர்த்திச் சென்றோம். ஓட்டுநருக்குப் பின்னிருந்த இருக்கையில் அவர் அமர்ந்தார். பக்கத்தில் நான் அமர்ந்தேன். சாலை வளையும் இடங்களிலும், எதிரே வண்டி வரும் இடங்களிலும் அவருடைய வலக்கால் தரையை அழுத்திற்று.

"ஐயா, அந்தக் கால் எதை மிதிக்கிறது?" என்று கேட்டேன்.

"பழக்கம், சாமி. ஓட்டுறவன் பிரேக் போடுறதுக்கு முன்னாலேயே என் கால் போட்டுடுது."

"அதனால் வண்டி நின்றதா?"

"எங்கே நிக்குது? என் கால்தான் வலிக்குது" என்று சிரித்தார். சிறிது தொலைவு சென்றபின் சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

நான் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரங்களுக்குப் பின் அவரே என்னைத் தேடி வந்தார். "என்னதான் செய்யணும், சாமி?" என்று கேட்டார். ஆறு மாதத்திற்கு வீட்டில் எந்தக் கணக்கும் கேட்க வேண்டாம் என்றேன். காலையில் மனைவி சந்தைக்குப் போகும்போது பையை எடுத்துக்கொண்டு உடன் செல்லுங்கள், எதை வாங்குவது என்பதை அவர் முடிவு செய்யட்டும் என்றேன். பேருந்து ஓட்டியவருக்குப் பை தூக்குவது பெரிய வேலையன்று. பேசாமல் தூக்குவதுதான் பெரிய வேலை.

முடிவு கதைகளில் வருவதுபோல் இனிமையாக அமைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குள் மகன் தனிக்குடித்தனம் போய்விட்டான். பிறகு திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வந்து உண்டு செல்வான், அவ்வளவே. ஆனால் கணவன் மனைவிக்கிடையே இருந்த இறுக்கம் தளர்ந்தது. அந்த அம்மையார் முப்பது ஆண்டுகளாக எப்படி அந்த வீட்டை நடத்தினார் என்பதை, சந்தைக்குப் போகும் வழியில்தான் கணவர் முதன்முதலாகக் கேட்டறிந்தார். பின்னர், பங்கிலுள்ள தனித்து வாழும் முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பணியை அவராகவே ஏற்றுக்கொண்டார். ஆட்டோவின் பின்னிருக்கையில், ஒரு பெரியவரின் தோளைத் தாங்கிப் பிடித்தபடி அவர் செல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். லேவியரைப் பற்றிய அந்தச் சட்டம் அப்போதெல்லாம் என் நினைவுக்கு வரும்.

திருச்சபையும் இப்பாடத்தை நம் கண்முன்னே கற்றுக்கொண்டது. திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1958 அக்டோபர் 28ஆம் நாள் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு எழுபத்தேழு நிறைய ஒரு மாதமே இருந்தது. இம்முதியவர் சில காலம் அமைதியாக ஆட்சி செய்வார் என்றே பலர் எண்ணினர். மூன்று மாதம் முடியுமுன், 1959 சனவரி 25ஆம் நாள், பொதுச் சங்கம் ஒன்றைக் கூட்டப்போவதாக அறிவித்தார். 1962 அக்டோபர் 11ஆம் நாள் அதைத் தொடங்கி வைத்தார். அது நிறைவுறுவதைக் காணாமலேயே 1963 சூன் 3ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். தாம் முடிக்க இயலாத ஒன்றை அந்த வயதில் தொடங்கினார்.

அவருக்குப் பின் வந்த ஆறாம் சின்னப்பர் வேறொரு துணிவைக் காட்டினார். ஆயர்கள் எழுபத்தைந்து வயதில் பணி விலகல் கடிதம் அளிக்குமாறு 1966இல் கேட்டுக்கொண்டார். எண்பது வயதைக் கடந்த கர்தினால்மார் திருத்தந்தைத் தேர்தலில் வாக்களிப்பதில்லை என்று 1970 நவம்பரில் விதித்தார். 1971 சனவரி முதல் நாள், ஒரு புதிய பத்தாண்டின் வாயிலில், அவ்விதி நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்பது பலருக்கு எளிதாயிருந்திராது. 2013 பிப்ரவரியில் பதினாறாம் பெனடிக்ட், தம் எண்பத்தைந்தாம் வயதில், உடலும் உள்ளமும் தளர்ந்ததைச் சொல்லித் தாமாகவே பதவி விலகினார். ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளாகத் திருத்தந்தையர் எவரும் அவ்வாறு விலகியதில்லை.

ஒருவர் எழுபத்தேழில் சுமையை எடுத்தார். மற்றவர் எண்பத்தைந்தில் இறக்கினார். இரண்டும் ஒரே பணிவின் இரு வடிவங்கள். "என் கௌரவம் என்ன ஆகும்?" என்று இருவரும் கேட்கவில்லை, "எது இப்போது தேவை?" என்று கேட்டார்கள். எடுக்கும் வயது இது, இறக்கும் வயது இது என்று எல்லாருக்கும் ஒரே கோடு போட முடியாது என்பதும் இதிலிருந்து விளங்குகிறது.

இளைஞர்கள் இதைப் படித்துவிட்டு, "இது பெரியவர்களுக்கான செய்தி" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். முப்பதும் ஒரு சுமைதாங்கிக் கல்லே. 1680இல் இத்தாலி நாட்டில் பிறந்த பெஸ்கி அடிகளார் தமிழகம் வந்து சேர்ந்தபோது அவருக்கு முப்பது வயது. குருத்துவக் கல்வியை முடித்து வந்த அவர், அந்த வயதில் ஒரு சிறுவனைப்போல அமர்ந்து, தாம் அறியாத எழுத்துகளைக் கற்கத் தொடங்கினார். கற்றவன் என்ற பெயரை இறக்கி வைத்தாலன்றி அது இயலுமா? அவரையே வீரமாமுனிவர் என்று நாம் கொண்டாடுகிறோம். தேம்பாவணியும் சதுரகராதியும் அந்த முப்பதாம் வயதுப் பணிவிலிருந்து பிறந்தவை. இன்று முப்பதை எட்டும் இளைஞன் இறக்க வேண்டியது பெரும்பாலும் ஒப்பீட்டின் சுமையையே. உடன் படித்தவன் வெளிநாட்டில் இருக்கிறான், வீடு கட்டிவிட்டான், எனக்கு இன்னும் திருமணமே ஆகவில்லை என்ற கணக்கு அவன் தோளை அழுத்துகிறது. கல்லின்மேல் கட்டை அவிழ்த்துப் பார்த்தால், அதில் பாதி அடுத்தவனுடைய சுமை என்பது தெரியும்.

ஐம்பதை எட்டும் தாய்மாருக்கும் ஒரு சொல். பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்குமாகப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஐந்து பேருக்குச் சமைத்த கை இருவருக்கு அளவு தெரியாமல் தடுமாறுகிறது. உடலிலும் மாறுதல்கள் நிகழ்கின்றன. காரணம் தெரியாத சினமும் கண்ணீரும் வருகின்றன. கணவன்மார் இதை அறிந்திருத்தல் வேண்டும். மருத்துவரிடம் அழைத்துச் செல்வதை நாணமாகக் கருதலாகாது. தாய்மாரே, பிள்ளை உங்களை விட்டுப் போனதாக எண்ண வேண்டாம். நீங்கள் இத்தனை ஆண்டுகள் நடக்கக் கற்றுக்கொடுத்ததால் நடக்கிறான். நாளுக்கு நான்கு முறை கைபேசியில் அழைத்து, உண்டாயா, உறங்கினாயா என்று கேட்பதில் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் இதுவரை உங்களுக்கென்று செய்யாத ஒன்றைச் செய்யுங்கள். பாடகர் குழுவில் சேர்ந்து பாட நம் பங்குகளில் எத்தனையோ நல்ல குரல்கள் அடுப்படியில் காத்திருக்கின்றன.

பெரிய மாற்றங்களை ஏற்ற முன்னோர் நம் குடும்பங்களிலேயே இருந்தார்கள். சங்கத்திற்குப் பின் திருவழிபாடு இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. நேற்றுவரை பூசை என்றதைத் திருப்பலி என்றார்கள். சேசு என்ற திருப்பெயரை இயேசு என்றார்கள். அர்ச்சிஷ்டவர் புனிதர் ஆனார். என் வயதினர் பெரியோர் சொல்லக் கேட்டே இவற்றை அறிவோம். மனப்பாடமாயிருந்த மன்றாட்டை அறுபது வயதில் மாற்றிச் சொல்லப் பழகிய பாட்டிமாரின் உழைப்பு எளிதன்று. சிலர் வீட்டில் பழைய சொல்லாலேயே செபித்தார்கள். கோயிலில் பேரப்பிள்ளைகளோடு புதிய சொல்லைச் சேர்ந்து சொன்னார்கள். வாய் மாறிற்று, வேண்டியவர் மாறவில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதை அப்பாட்டிமார் அறிந்திருந்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அதிகாரத்தை ஒப்படைப்பது வேறு. வீட்டையும் நிலத்தையும் அவசரமாக எழுதிக்கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பது வேறு. முன்னதை விரைவில் செய்யுங்கள். பின்னதை நன்கு ஆராய்ந்து செய்யுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. அறுபது வயது நிறைந்தவர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, பெற்றவர் அதை நிறைவேற்றத் தவறினால், அந்த மாற்றத்தைச் செல்லாதென அறிவிக்கும்படி தீர்ப்பாயத்தை நாடலாம் என்று அதன் 23ஆம் பிரிவு கூறுகிறது. எனவே நிபந்தனையை வாய்ச்சொல்லாக விட்டுவிடாமல் ஆவணத்திலேயே எழுதிவைப்பது நன்று. இது பிள்ளைகளை ஐயுறுவது அன்று; பிற்காலத்தில் அவர்களைப் பழியிலிருந்து காப்பதும் ஆகும்.

பிள்ளைகளே, சுமையை வாங்கிக்கொள்வதிலும் ஒரு முறை உண்டு. தந்தையின் கையிலிருந்து வண்டிச் சாவியையோ வங்கிப் புத்தகத்தையோ பிடுங்குவது வாங்கிக்கொள்வது ஆகாது. "அப்பா, இதை நீங்கள் எப்படிச் செய்தீர்கள்? சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். கேட்டு வாங்கப்பட்ட சுமையைக் கொடுத்தவர் பாரமாக நினைப்பதில்லை. மாமியாரிடமிருந்து சமையலறையைப் பெறும் மருமகளுக்கும் இதுவே வழி. குழம்பில் புளி எவ்வளவு என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் கேளுங்கள்.

இவ்வாண்டில் உங்கள் வீட்டில் முப்பதையோ நாற்பதையோ ஐம்பதையோ அறுபதையோ எழுபதையோ எட்டுகிறவர் யாரேனும் இருக்கக்கூடும். அவருடைய பிறந்தநாள் மாலையில், அணிச்சலை வெட்டி முடித்தபின், குடும்பச் செபத்திற்கு அமருங்கள். செபம் முடிந்ததும் அவர் மூன்று கேள்விகளுக்கு வாய்திறந்து விடை சொல்லட்டும். சென்ற பத்தாண்டில் நான் சுமந்தவற்றுள் எதை இன்று இறக்குகிறேன்? அதை யாரிடம் கொடுக்கிறேன்? கை சற்றே காலியானபின், எவருக்குத் துணையாக நிற்கப்போகிறேன்? பெரிய விடைகள் வேண்டியதில்லை. "இனி மின் கட்டணத்தை மகள் கட்டட்டும், நான் கேட்க மாட்டேன்" என்பதுகூட ஒரு நல்ல தொடக்கமே. சொன்னதைக் குடும்பத்தார் கேட்டிருப்பதால், ஆறு மாதம் சென்றபின் அன்போடு நினைவூட்டவும் முடியும்.

நினைவூட்டும்போது சிரித்துக்கொண்டே நினைவூட்டுங்கள். முப்பது ஆண்டுப் பழக்கம் முப்பது நாளில் போய்விடாது. இன்னும் சில காலம் கால் தானாகவே தரையை மிதிக்கும். வலிக்கும்போது அவரே எடுத்துவிடுவார்.

இறைவன் உங்கள் இல்லங்களில் இறக்குகிறவரையும் ஏற்கிறவரையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
உங்கள் பங்குத் தந்தை